1642 பிரமாணப் பட்டியலில் மூதாதையர் பெயர்: எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது

ஒரு வாசகி கேட்ட கேள்வி இதுதான். அவர் கணவரின் குடும்பம் இங்கிலாந்தின் கார்ன்வால் கவுண்டியைச் சேர்ந்தது. 1642-இல் நாடாளுமன்றம் கேட்டு எடுக்கப்பட்ட பிரமாணப் பட்டியலின் அச்சுப் பிரதியில், ஒரே பாரிஷில் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியில்) அந்தக் குடும்பப் பெயரோடு மூன்று ஆண்கள் இருக்கிறார்கள். இருவருக்கு முதற்பெயரும் ஒன்றே. ஒருவர் 'சீனியர்', மற்றவர் 'ஜூனியர்'. இவர்கள் தந்தையும் மகனுமா? பிரமாணம் எடுத்ததால் குடும்பம் நாடாளுமன்றப் பக்கம் நின்றது என்று குடும்ப வரலாற்றில் எழுதலாமா? ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் இன்னொரு சகோதரர் இந்தப் பட்டியலில் இல்லை. அவர் பிரமாணம் எடுக்க மறுத்தவரா?

மூன்றுக்கும் பதில், இந்தப் பட்டியலை மட்டும் வைத்து அப்படி எழுத முடியாது என்பதுதான். இந்தப் பெயர் வரிசை அந்த ஆள் அந்த ஊரில் இருந்தார், வயது வந்தவர் என்பதை உறுதியாகச் சொல்லும். அவர் மனதில் இருந்ததை அநேகமாகச் சொல்லவே சொல்லாது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, பட்டியல் எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும்.

1641 மே மாதம். மன்னரின் முக்கிய ஆலோசகரான ஸ்ட்ராஃபோர்டு பிரபுவுக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் இருந்தது. ராணுவத்தை வைத்து நாடாளுமன்றத்தை அடக்கச் சதி நடக்கிறது என்ற பேச்சு லண்டன் முழுக்க. மே 3 அன்று காமன்ஸ் சபை ஒரு பிரமாணத்தை வகுத்து உறுப்பினர்களே எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் பிரபுக்கள் சபையும் எடுத்தது. கத்தோலிக்கத்துக்கு எதிராக இங்கிலாந்துத் திருச்சபையின் சீர்திருத்த மதத்தையும், மன்னரின் உடலையும் மரியாதையையும், நாடாளுமன்றத்தின் அதிகாரத்தையும் உரிமைகளையும், குடிமக்களின் சட்டபூர்வமான சுதந்திரத்தையும் காப்பேன் என்பது அதன் சாரம். எல்லோருக்கும் கட்டாயமாக்கும் மசோதாவைப் பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. அதனால் ஜூலை 30-இல் காமன்ஸ் சபை, இதை மறுப்பவர் திருச்சபையிலோ அரசிலோ பதவி வகிக்கத் தகுதியற்றவர் என்று தீர்மானம் போட்டது. நாடு முழுக்க இதைக் கொண்டுபோனது அடுத்த ஆண்டில்தான். 1642 ஜனவரி 4 அன்று மன்னர் சார்லஸ் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய ஆயுதமேந்திய ஆட்களோடு வந்து, அவர்களை வெளியே நிறுத்திவிட்டுச் சபைக்குள் நுழைந்தார். அதன் பிறகு, ஜனவரி 19 தேதியிட்ட கடிதத்தைச் சபாநாயகர் வில்லியம் லெந்தால் கவுண்டி அதிகாரிகளான ஷெரீப்புகளுக்கு அனுப்பினார். ஷெரீப்பும் நீதிவான்களும் முதலில் எடுக்க வேண்டும். பிறகு அவர்கள் முன்னிலையில் ஒவ்வொரு பாரிஷின் போதகரும், கான்ஸ்டபிள்களும், தேவாலய நிர்வாகிகளும், ஏழை நிவாரணக் கண்காணிப்பாளர்களும் எடுக்க வேண்டும். அவர்கள் ஊர் திரும்பி, 18 வயது நிரம்பிய எல்லா ஆண்களுக்கும் பிரமாணம் செய்து வைத்து, எடுத்தவர் பெயரையும் மறுத்தவர் பெயரையும் எழுதி அனுப்ப வேண்டும். பெரும்பாலான பட்டியல்கள் 1642 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எழுதப்பட்டவை.

அந்த வாசகத்தை மறுபடி பாருங்கள். மன்னரும் அதில் இருக்கிறார், நாடாளுமன்றமும் இருக்கிறது. 1642 பிப்ரவரியில் இரண்டுக்கும் சேர்த்துச் சத்தியம் செய்வதில் பெரும்பாலான மக்களுக்கு முரண்பாடே தெரியவில்லை. போர் தொடங்க இன்னும் ஆறு மாதம் இருந்தது. இதற்கு உங்கள் கார்ன்வாலே நல்ல சாட்சி. அந்த வசந்த காலத்தில் கார்ன்வால் ஆண்கள் பாரிஷ் பாரிஷாக இந்தப் பிரமாணத்தை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் பிராடாக் டவுனிலும், மே மாதம் ஸ்ட்ராட்டனிலும், ஜூலையில் லான்ஸ்டவுனிலும் மன்னருக்காகப் போரிட்டு வென்ற படையின் முதுகெலும்பு கார்ன்வால் காலாட்படைதான். எடுத்த பிரமாணத்தை மீறியதாக அவர்கள் நினைத்திருக்கத் தேவையில்லை. ஆகவே பட்டியலில் பெயர் இருப்பதை வைத்து நாடாளுமன்ற ஆதரவாளர் என்று எழுதினால், உங்கள் கவுண்டியைப் பொறுத்தவரை உண்மைக்கு நேர் எதிராகப் போய்விடும் வாய்ப்பு அதிகம். குடும்ப வரலாற்றில் எழுதக்கூடிய வாக்கியம் இது: "1642 பிப்ரவரி-மார்ச்சில் இன்ன பாரிஷில் வசித்தார்; அப்போது 18 வயது நிரம்பியவர்; பிரமாணம் எடுத்தவர்களில் ஒருவராகப் பதிவானார்." இதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவும் வேறு ஆதாரம் வேண்டும்.

தேதி விஷயத்தில் கவனம் தேவை. அப்போது இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. அதனால் பட்டியலின் அடியில் "பிப்ரவரி 1641" என்று இருக்கும். நம் கணக்கில் அது 1642. பழைய அச்சுப் பிரதிகள் சில 1641 என்றே தலைப்பிட்டிருக்கின்றன, சில 1641-42 என்கின்றன. ஒரே பட்டியலை இரண்டு ஆண்டுகளில் இரண்டு நிகழ்வுகளாகக் குடும்ப மரத்தில் ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஒருவர் இந்தப் பட்டியலில் இருந்தால் 1624 வசந்தத்துக்கு முன் பிறந்திருக்க வேண்டும் என்பதையும் இந்தத் திருத்திய தேதியிலிருந்துதான் கணக்கிட வேண்டும்.

இனி சீனியர், ஜூனியர். 17ஆம் நூற்றாண்டில் ஓர் ஊரில் ஒரே பெயரில் இரண்டு ஆண்கள் இருந்தால் மூத்தவரையும் இளையவரையும் பிரித்துக்காட்ட எழுத்தர் போட்ட அடையாளம் அது. தந்தை-மகனாக இருக்கலாம், சித்தப்பா-அண்ணன் மகனாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். இன்னொரு சிக்கல்: மூத்தவர் இறந்ததும் இளையவர் 'சீனியர்' ஆகிவிடுவார். 1660-களின் அடுப்பு வரிப் பட்டியலில் வரும் 'சீனியர்' 1642-இல் 'ஜூனியர்' ஆக இருந்தவராக இருக்கலாம். இதைத் தீர்க்க மூத்தவரின் அடக்கப் பதிவையும் உயிலையும் தேடுங்கள். உயிலில் மகன் என்று பெயர் சொல்லியிருந்தால் அதுதான் சான்று.

காணாமல் போன சகோதரர் விஷயம் இன்னும் நுட்பமானது. ஒரு பெயர் இல்லாததற்கு ஐந்து காரணங்கள் இருக்கலாம்: இறந்திருக்கலாம், வேறு பாரிஷுக்குக் குடிபெயர்ந்திருக்கலாம், அன்று ஊரில் இல்லாமல் இருந்திருக்கலாம், மறுத்திருக்கலாம், எழுத்தர் விட்டிருக்கலாம் அல்லது தாள் கிழிந்திருக்கலாம். கார்ன்வால் கடலோரக் கவுண்டி. மீன்பிடிக்கவும் கப்பல் வேலைக்கும் போனவர்கள் நிறைய. கவனமான எழுத்தர் "கடலில் இருக்கிறார்", "நோயாளி" என்று தனியே எழுதுவார். சோம்பல் எழுத்தர் பெயரையே விட்டுவிடுவார். எது என்று தெரிய அந்தப் பாரிஷின் பட்டியலை அடிவரை படிக்க வேண்டும்.

அடிவரை என்று சொல்லக் காரணம் உண்டு. ஒரு பாரிஷ் பட்டியலை அருகில் வைத்துப் பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும். மேலே சில சமயம் பிரமாண வாசகமோ அதைக் குறிப்பிடும் ஒரு வரியோ. நடுவில் பெயர்கள், இரண்டு மூன்று நெடுவரிசைகளாக. பல ஊர்களில் நிலக்கிழார்கள் முதலில், பிறகு மற்றவர். அடியில் போதகர், கான்ஸ்டபிள், நிர்வாகிகள், கண்காணிப்பாளர்கள் கையெழுத்திட்ட சான்று. மறுத்தவர் யாரும் இல்லை என்றோ, இன்னார் மறுத்தார் என்றோ சொல்லும் வரி அங்கேதான் இருக்கும். அச்சுப் பிரதிகளில் பலமுறை இந்தச் சான்று சுருக்கப்பட்டிருக்கும் அல்லது விடுபட்டிருக்கும். பெயரை மட்டும் தேடி நகலெடுப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. "யாரும் மறுக்கவில்லை" என்ற வரி இருந்தால் அந்தச் சகோதரர் மறுத்தார் என்ற ஊகத்துக்கு இடமே இல்லை. இந்தச் சான்றில் இன்னொரு பயனும் உண்டு. அந்த ஆண்டின் கான்ஸ்டபிள் யார், ஏழை நிவாரணக் கண்காணிப்பாளர் யார் என்று சொல்ல, கணக்குப் புத்தகங்கள் தொலைந்த ஊர்களில் வேறு ஆவணமே இருக்காது. உங்கள் மூவரில் ஒருவர் அங்கே கையெழுத்திட்டிருந்தால், ஊரில் அவருக்கு இருந்த இடம் தெரிந்துவிடும்.

மறுத்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், ஏனென்றால் பிரமாண வாசகமே அவர்கள் மதத்துக்கு எதிரானது. அப்படி ஒரு பெயர் தென்பட்டால் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஈ 377 வரிசையில், அதாவது திருச்சபை ஆராதனைக்கு வராததற்காக அபராதம் விதிக்கப்பட்டவர்களின் சுருள்களில், ஒப்பிட்டுப் பாருங்கள். சிலர் அரைகுறையாக எடுத்தார்கள்; மன்னர் பற்றிய பகுதியை ஏற்று, மதப் பகுதியை விட்டுவிட்டார்கள். அந்தக் குறிப்பு கிடைத்தால் அது பொன். அரசியல் வரலாற்றுக்கு இந்தப் பட்டியல்களில் உண்மையான சரக்கு இருப்பது இந்த விலகல்களில்தான். எல்லோரும் செய்ததைச் செய்தவரைவிட, தயங்கியவரும் நிபந்தனை போட்டவரும் மறுத்தவரும்தான் தங்கள் மனதைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. 1983 ஆகஸ்டில் இலங்கை அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் கட்டாயமாக்கிய உறுதிமொழியை ஏற்காமல் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்ற ஆசனங்களை இழந்தார்கள். வரலாறு பேசுவது அந்த மறுப்பைத்தான்.

கையெழுத்து பற்றி. பல பாரிஷ்களில் எழுத்தரே எல்லாப் பெயரையும் எழுதிவிட்டார். சில நூறு பாரிஷ்களில் மட்டும் எழுதத் தெரிந்தவர் தாமே கையொப்பமிட்டார்கள், தெரியாதவர் குறி போட்டார்கள். டேவிட் கிரெஸ்ஸி என்ற வரலாற்றாசிரியர் இத்தகைய 400-க்கும் மேற்பட்ட பாரிஷ்களை எண்ணி, ஆண்களில் சுமார் 70 சதவீதம் பேர் பெயர் எழுதத் தெரியாதவர்கள் என்ற முடிவுக்கு வந்தார். உங்கள் குடும்பத்துக்கு இதைப் பயன்படுத்த அச்சுப் பிரதி போதாது, மூலத்தின் படம் வேண்டும். அடுத்தடுத்த வரிகளில் 'டபிள்யூ', 'ஆர்' போன்ற பெரிய எழுத்துகளின் வளைவு ஒரே மாதிரி இருந்தால் ஒரே கை எழுதியது. அதில் எழுத்தறிவு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்து வரிக்கு வரி மாறி, சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிலுவையோ கருவி வடிவமோ முதலெழுத்தோ இருந்தால்தான் அவை அவரவர் கைப்பட வந்தவை. குறி போட்டவருக்குப் படிக்கவும் தெரியாது என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தக் காலத்தில் முதலில் படிக்கவும், அதற்குப் பல காலம் கழித்துத்தான் எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள்; இடையில் பள்ளியை விட்டவர்கள் ஏராளம்.

பெயர்களைத் தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். ஒலியை வைத்துத் தேடுங்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் பெரிய 'எஃப்' எழுத்தை இரண்டு சிறிய 'எஃப்' ஆக எழுதுவது வழக்கம். பெயர்த்தெழுதியவர் அதை வேறு எழுத்தாகப் படித்திருக்கலாம். கிறிஸ்டோபர் என்ற பெயரைக் கிரேக்க எழுத்துகளின் வடிவில் 'எக்ஸ்பி' என்று தொடங்குவார்கள். அட்டவணையில் அது 'எக்ஸ்' வரிசையில் போய் ஒளிந்திருக்கும். கார்ன்வாலில் இரட்டைக் குடும்பப் பெயர்களும் சகஜம்: இன்னார் 'அலையஸ்' (அதாவது 'என்கிற') இன்னார் என்று. இரண்டு பெயரிலும் தேடாவிட்டால் ஆள் கிடைக்க மாட்டார். காணாமல் போன அந்தச் சகோதரர் இப்படி இன்னொரு பெயரில் அதே தாளில் இருக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். உங்கள் ஆட்களை மட்டும் எழுதிக்கொள்ளாமல் பாரிஷ் முழுவதையும், வந்த வரிசையிலேயே, ஒரு அட்டவணையில் ஏற்றுங்கள். அகர வரிசைப்படுத்திய அச்சுப் பிரதி என்றால் அது பாதிச் செய்தியை அழித்துவிட்டது என்று அர்த்தம், ஏனென்றால் பல எழுத்தர்கள் ஊரின் குடியிருப்பு வாரியாக எழுதினார்கள். அருகருகே வரும் பெயர்கள் அண்டை வீட்டார், சம்பந்திகள், உயிலுக்குச் சாட்சி நின்றவர்கள். பிறகு சுற்றியுள்ள நான்கைந்து பாரிஷ்களிலும் அதே குடும்பப் பெயரைப் பாருங்கள். மூன்றாவதாக, அதே ஆண்டுகளின் வேறு பட்டியல்களோடு ஒப்பிடுங்கள். அயர்லாந்தில் அல்லலுற்ற புராட்டஸ்டண்டுகளுக்காக 1642-இல் திரட்டிய நிதியின் பட்டியல்கள் எஸ்.பி. 28 வரிசையில் இருக்கின்றன. அதில் பெண்களும் வேலையாட்களும்கூட வருவார்கள். வரிப் பட்டியல்கள் ஈ 179 வரிசையில். பிரமாணத்தில் இல்லாத சகோதரர் சில வாரம் கழித்து இந்த நிதிப் பட்டியலில் வந்தால், அவர் இறக்கவில்லை, குடிபெயரவும் இல்லை என்பது உறுதி. போர்க் காலத்தில் தேவாலயப் பதிவேடுகள் பல ஊர்களில் நின்றுபோயின அல்லது தொலைந்தன. 1660 வரை இடைவெளி இருக்கும். அதனால் அந்த இடைவெளிக்கு முந்தைய கடைசி முழுக் கணக்காக இந்த 1642 பட்டியலை மதிக்க வேண்டும்.

ஊரின் மக்கள்தொகையையும் இதிலிருந்து கணிக்கலாம். 18 வயதுக்குக் கீழ் இருந்தவர்கள் மொத்தத்தில் சுமார் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வயது வந்த ஆண்கள் சுமார் 30 சதவீதம். 120 பெயர் இருந்தால் ஊரில் ஏறக்குறைய 400 பேர். கடலில் இருந்தவர்கள், மறுத்தவர்கள், விடுபட்டவர்கள் என்று பத்து சதவீதம் கூட்டிக் குறைத்துப் பேசுங்கள். சில பாரிஷ்களில் எழுத்தர் பெண்களையும் சேர்த்துவிட்டார். அதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டால் ஊர் இரட்டிப்பாகிவிடும்.

மூல ஆவணங்கள் நாடாளுமன்ற ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவை. 1834 தீ விபத்தில் காமன்ஸ் சபையின் பழைய ஆவணங்கள் பெரும்பாலும் சாம்பலாயின. பிரபுக்கள் சபைக் காகிதங்களோடு இருந்ததால் இவை தப்பின. ஆனாலும் இங்கிலாந்துப் பாரிஷ்களில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பட்டியல் இருக்கிறது. கார்ன்வாலும் டெவனும் நன்றாகப் பிழைத்தவை. நாடாளுமன்றக் கட்டிடத்தின் விக்டோரியா கோபுரத்தில் இருந்த இந்தத் தொகுதியைக் கியூவுக்கு மாற்றியிருக்கிறார்கள். நேரில் போகுமுன் எங்கே, எப்படிப் பார்க்கலாம் என்று காப்பகத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துப் பாரிஷ் ஒன்றுக்குப் பட்டியல் இல்லை என்றால், அதன் பதிவேட்டையோ சபைக் கணக்குப் புத்தகத்தையோ கவுண்டி காப்பகத்தில் பாருங்கள். சில போதகர்கள் பிரமாணம் எடுத்தவர் பெயர்களை அங்கே எழுதி வைத்தார்கள். 1643-இல் நாடாளுமன்றப் பகுதிகளில் எடுத்த அடுத்த உடன்படிக்கைப் பிரமாணத்தின் பெயர்களும் அங்கேதான் கிடைக்கும்.

குடும்பத்தைப் பின்னோக்கி அல்ல, முன்னோக்கித் தொடர இன்னும் இரண்டு தொகுதிகள் உதவும். 1696-இல் மன்னர் மூன்றாம் வில்லியத்தைக் கொல்லும் சதி வெளியானதும், அவரே உரிமையுள்ள, சட்டபூர்வமான மன்னர் என்று ஏற்று, அவருக்கு ஆபத்து வந்தால் ஒன்றுபட்டுப் பழிவாங்குவோம் என்ற உறுதிமொழியில் நாடெங்கும் கையெழுத்து வாங்கினார்கள். சட்டப்படி பதவியில் உள்ளவர்களுக்குத்தான் கட்டாயம். நடைமுறையில் சில இடங்களில் வயது வந்த ஆண்கள் பெரும்பாலோர் கையெழுத்திட்டார்கள், சில இடங்களில் நகரசபையும் போதகர்களும் மட்டும். இது கியூவில் சி 213 வரிசை. இங்கே பெயர் இல்லாமை எதையும் நிரூபிக்காது. ஆனால் நீதிவானாக இருந்தவரின் பெயர் இல்லை, அதே ஆண்டில் பதவியும் போயிற்று என்றால் அது கனமான செய்தி. மறுத்தவர்களை அப்போது பதவியிலிருந்து நீக்கினார்கள்.

1723 தொகுதிதான் குடும்ப வரலாற்றுக்குப் பெரிய பரிசு, ஏனென்றால் அதில் பெண்கள் இருக்கிறார்கள். முதலாம் ஜார்ஜ் மன்னரைக் கவிழ்க்க பிஷப் அட்டர்பரி செய்த சதிக்குப் பிறகு, 18 வயது நிரம்பியவர்கள் 1723 டிசம்பர் 25-க்குள் முதலாம் ஜார்ஜுக்குப் பிரமாணம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் தங்கள் பெயரையும் சொத்தையும் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. சொத்து போய்விடும் என்ற பயத்தில் விதவைகளும் மணமாகாத பெண்களும் கூட்டமாக வந்தார்கள். வேறெந்த ஆவணத்திலும் தன் பெயரில் வராத ஒரு பெண் இதில் தன் கைப்படக் குறி போட்டிருப்பாள். இந்தச் சுருள்கள் கவுண்டி காப்பகங்களில், காலாண்டு நீதிமன்ற ஆவணங்களுக்குள் இருக்கின்றன. 1642 போலப் பாரிஷ் வாரியாகத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். நீதிவான்கள் எந்த ஊரில், எந்த நாளில் உட்கார்ந்தார்களோ அதன்படிதான் பெயர்கள் வரும். ஒரு கிராமத்தார் நான்கு நாட்களில் மூன்று சந்தை ஊர்களில் சிதறியிருப்பார்கள். ஆனால் சேர்ந்து நடந்து வந்தவர்கள் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள். ஒரு பெயர் கிடைத்தால் மேலே இருபது வரி, கீழே இருபது வரி எழுதிக்கொள்ளுங்கள். மாமனாரும் மைத்துனரும் மணமாகிப் போன சகோதரியும் அங்கேதான் நிற்பார்கள்.